பிள்ளைகள் பேசப் பழக்கிய பெட்டி

இங்கிலாந்தில் 1981-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விற்பனைக்கு வந்தது. எடை 350 கிராம். விலை 69 பவுண்டு 95 பென்ஸ். பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வதென்றால் 49 பவுண்டு 95 பென்ஸ்தான்.

பெயர், இசட்.எக்ஸ்.81. அது ஒரு கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் என்றால் பெரிய கம்பெனிக்கும் கல்லூரிக்கும் உரியது என்று சாதாரணக் குடும்பத்தார் நினைத்திருந்த காலம் அது. கிளைவ் சின்கிளேர் என்பவர் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார். 15 லட்சம் பெட்டிகள் விற்றன. 1983-ல் அவருக்கு “சர்” பட்டம் கிடைத்தது.

டெலிவிஷனுக்குச் சண்டை

பெட்டிக்குத் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷனோடுதான் இணைக்க வேண்டும். பல வீடுகளில் இருந்தது ஒரே டெலிவிஷன். அப்பாவுக்குக் கால்பந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நாடகம். பையனுக்குக் கம்ப்யூட்டர். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

சுவிட்சைப் போட்டதும் படம் வராது, பாட்டு வராது. திரை வெறுமையாக நிற்கும். மூலையில் ஒரே ஓர் எழுத்து. “நான் தயார். என்ன செய்யட்டும்?” என்று கேட்பதுபோல இருக்கும்.

அதற்குச் சொல்லித் தர வேண்டியது பிள்ளையின் வேலை. எப்படி? “பேசிக்” என்ற எளிய பாஷையில். முதல் வரி: “என் பெயரை எழுது.” இரண்டாவது வரி: “மறுபடியும் முதல் வரிக்குப் போ.” அவ்வளவுதான்! திரை நிறையப் பையனின் பெயர் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு எந்திரம் கேட்கிறது!

குறும்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடையில் காட்சிக்கு வைத்த கம்ப்யூட்டரில் கெட்ட வார்த்தையை அடித்து, இதே தந்திரத்தைச் செய்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

மேஜை ஆடியது, வேலை போனது!

இசட்.எக்ஸ்.81-க்கு ஞாபகசக்தி மிகக் குறைவு. ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கள்தான் கொள்ளும். இந்தக் கட்டுரையின் முதல் சில பத்திகளிலேயே அது நிறைந்துவிடும். கூடுதல் ஞாபகசக்திக்கு ஒரு துண்டை வாங்கிப் பின்பக்கம் செருகினார்கள். அது ஆடிக்கொண்டே இருக்கும். கை பட்டாலோ, மேஜை அசைந்தாலோ தொடர்பு விட்டுப்போகும். மூன்று மணி நேரம் அடித்த புரோகிராம் மாயமாகிவிடும். அதைச் செருகிய இடத்தில் களிமண்ணைப் போல ஒட்டும் பசையை அப்பி வைத்தவர்கள் உண்டு.

விளையாட்டுப் புரோகிராம்களைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அச்சிட்டன. பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார்கள். பூஜ்யத்துக்குப் பதில் “ஓ” என்று அடித்தால் புரோகிராம் ஓடாது. சில சமயம் பிழை அச்சிலேயே இருக்கும்! எங்கே தவறு என்று வரி வரியாகத் தேட வேண்டும். தேடித் தேடித்தான் புரோகிராம் எழுதவே பலர் கற்றுக்கொண்டார்கள். வாத்தியார் வைத்துப் படித்திருந்தால் இவ்வளவு பொறுமை வந்திருக்குமா என்பது சந்தேகமே.

எழுதியதைப் பாட்டுக் கேட்கும் காஸெட்டில்தான் சேமித்தார்கள். காஸெட்டைப் போட்டுக் கேட்டால் காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம். டேப் ரிக்கார்டரின் சத்த அளவு சற்று மாறினாலும் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. பல நிமிஷம் காத்திருந்து, கடைசியில் தவறிப்போனால், மறுபடி முதலிலிருந்து!

தாத்தாவின் மடியில்

இங்கிலாந்தில் மட்டுமல்ல. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லியோ டோர்ன்க்விஸ்ட் என்ற பேராசிரியர் இருந்தார். புள்ளிவிவரக் கணக்கில் வல்லவர். அவர் 1981-ல் கமோடோர் விக்-20 என்ற அமெரிக்கக் கம்பெனிக் கம்ப்யூட்டரை வாங்கினார்.

வாங்கினாரே தவிர, விசைகளைத் தட்டுவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புரோகிராமைக் காகிதத்தில் எழுதுவார். 11 வயதுப் பேரனை மடியில் உட்கார வைத்து அடிக்கச் சொல்வார். கிழவருக்கு வேலை முடிந்தது. பேரனுக்கு வித்தை வந்தது!

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பேரன் படித்தான். பிறகு தானே புரோகிராம் எழுதினான். தாத்தா காலமான பின் அந்தப் பெட்டி அவனுக்கே வந்தது. வளர்ந்ததும் காசு சேர்த்து, சின்கிளேர் கம்பெனியின் வேறொரு கம்ப்யூட்டரையும் வாங்கினான்.

அந்தப் பேரன்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல், தமது 21-வது வயதில், “லினக்ஸ்” என்பதை எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தவர். உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் அடிப்படையில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ்தான்.

வெறும் திரை போயிற்று

1990-க்குப் பிறகு நிலைமை மாறியது. சுவிட்சைப் போட்டதும் விளையாட்டு வந்தது. கண்கவரும் படங்கள் வந்தன. பிள்ளை சொல்லித் தருவதற்கு ஒன்றும் இல்லை.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எபென் அப்டன் என்பவர் இதைக் கவனித்தார். கம்ப்யூட்டர் படிப்புக்கு மனுச் செய்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். வந்தவர்களிலும் புரோகிராம் எழுதிப் பார்த்தவர்கள் சிலரே. அவரோ சிறு வயதில் “பி.பி.சி. மைக்ரோ”வில் பழகியவர். 1981 கடைசியில் வெளிவந்து, பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் இடம் பிடித்த கம்ப்யூட்டர் அது.

அப்டனும் நண்பர்களும் ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். பெயர், ராஸ்பெரி பை. விலை 35 டாலர். டெலிவிஷனோடு இணைத்துக்கொள்ளலாம். அதில் ஓடுவதும் ஹெல்சிங்கிப் பேரன் எழுதிய லினக்ஸ்தான்! 2012 பிப்ரவரி 29-ந் தேதி விற்பனை தொடங்கியது. கூட்டம் தாங்காமல் விற்பனையாளர்களின் இணையதளங்கள் திணறின.

சின்கிளேர் அப்போது உயிரோடு இருந்தார். 2021-ல், 81-வது வயதில் காலமானார்.

முதலில் விற்ற ராஸ்பெரி பை “மாடல் பி.” அந்தப் பெயர் பி.பி.சி. மைக்ரோவிலிருந்து எடுத்தது. அதிலும் ஒரு “மாடல் பி” இருந்தது.