மருத்துவக் கருவியும் மாற்றுப் பாகங்களும்: பில்லில் பார்க்க வேண்டியவை



முன்பு மருத்துவமனையில் மட்டுமே கண்ட கருவிகள் பல இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. இனிப்பு நீர் உள்ளவர் வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி இருக்கிறது. இழுப்பு உள்ள குழந்தைக்கு நெபுலைசர் இருக்கிறது. நுரையீரல் நோயாளியின் கட்டிலருகே பிராணவாயுக் கருவி இரவும் பகலும் ஓடுகிறது. கருவியை வாங்கும்போது நாம் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். பாகம் மாற்றும்போது மட்டும் நீட்டிய பில்லுக்குப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குத் தவித்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

பாகங்கள் இரு வகைப்படும். சோதனைப் பட்டை, நெபுலைசரின் மருந்துக் கிண்ணம், முகமூடி, மூக்குக் குழாய், காற்று வடிகட்டி ஆகியவை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்து தீர்பவை. மோட்டார், மின்சுற்றுப் பலகை போன்றவை கருவியின் உள்ளுறுப்புகள். உத்தரவாதம் பெரும்பாலும் இரண்டாம் வகைக்கே உண்டு. முதல் வகை நம் செலவு.

அந்தச் செலவு சிறியதன்று. நாளைக்கு இருமுறை சோதிப்பவருக்கு ஆண்டுக்கு 730 பட்டைகள் வேண்டும். பெட்டிக்கு 50 பட்டை என்றால் ஏறக்குறைய 15 பெட்டிகள். ஒரு பெட்டி 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 750 வெள்ளி! ஒரு கருவியின் பட்டை வேறு கருவிக்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஆகவே கருவியின் விலையைக் கேட்கும்போதே பட்டையின் விலையையும் கேட்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சி வடிகட்டியை மாற்றாமல் விடுவதும் ஆபத்து. அறைக் காற்றில் பிராணவாயு சுமார் 21 விழுக்காடுதான். பிராணவாயுக் கருவிக்குள் இருக்கும் சியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால், செறிந்த பிராணவாயு வெளிவருகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே இயந்திரம் சூடேறும். மணிகளில் ஈரம் ஏறினால் அவற்றின் சக்தி குறையும். கருவி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நோயாளிக்குப் போதிய பிராணவாயு போய்ச் சேராது. மலிவான பாகத்தை உரிய காலத்தில் மாற்றினால் விலையுயர்ந்த பாகமும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

இனி பில்லுக்கு வருவோம். "பழுதுபார்ப்பு" என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதிய பில்லை ஏற்க வேண்டாம். பாகத்தின் பெயர், எண்ணிக்கை, தனி விலை, வேலைக்கூலி, போக்குவரத்துச் செலவு ஆகியவை தனித்தனி வரியில் இருக்கட்டும். கருவியின் வரிசை எண்ணும் தேதியும் பதிவாகட்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில், உள்ளுறுப்புக்கு ஏன் பணம் கேட்கிறார்கள் என்று விசாரிக்கலாம். வேலையைத் தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இது சந்தேகமன்று, கணக்கு.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை விற்ற பின்னரும் நியாயமான காலம்வரை மாற்றுப் பாகங்களும் பழுதுபார்க்கும் வசதியும் கிடைக்க உற்பத்தியாளர் ஆவன செய்ய வேண்டும். அயல்நாட்டு உற்பத்தியாளருக்கு இங்கே அலுவலகம் இல்லையெனில், இறக்குமதியாளரோ விநியோகிப்பவரோ அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஆனால் "பாகம் கிடைக்காது" என்று விற்கும்போதே முறையாக அறிவித்திருந்தால் இந்த உரிமை இல்லாமற்போகும். எனவே சிறிய எழுத்துகளையும் படித்த பின்னரே வாங்க வேண்டும். கூலி முன்னதாகப் பேசப்படாவிட்டால், நியாயமான தொகைக்கு மேல் நாம் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர்.

பேச்சில் தீராத வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019இல் செய்த திருத்தத்திற்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே நமக்காக முதலில் பேசுவது ரசீதுதான்.

நேயர்களே, கருவிப் பெட்டியோடு ஓர் உறையை வைத்து எல்லா ரசீதுகளையும் அதில் போட்டு வையுங்கள். எந்தப் பாகத்தை என்று மாற்றினோம் என்பதை உறையின் மேல் எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். நோயாளிக்குச் செய்யும் பணிவிடையில் அதுவும் ஒரு பங்கு.