தேங்காயெண்ணெயும் ஆணுறையும்

நாணத்தினால் பேசாது விடப்படும் செய்திகளுள் ஆணுறையைப் பற்றியதும் ஒன்று. கணவனும் மனைவியுங்கூட இதைக் குறித்து மனம்விட்டுப் பேசுவது அரிது. இதனால், தவறான எண்ணம் ஒன்று இல்லத்தினுள் புகுந்துவிட்டால் அதைத் திருத்துவார் இல்லாமற் போகிறது.

தாராவியில் ஓரறை வீட்டில் வாழும் தம்பதியர் இருவரை எண்ணிக்கொள்வோம். இரு குழந்தைகள் போதும் என்பது அவர்களது முடிவு. "உறை கிழிந்துவிடுகிறது, அதை நம்பிப் பயனில்லை" என்கிறார் கணவர். "அதன்மேல் ஏதேனும் தடவினீர்களா?" என்று மனைவி வினவுகிறாள். "தேங்காயெண்ணெய்தான், அதனால் என்ன கெடுதி?" என்பது அவர் விடை.

கெடுதி அங்கேதான் இருக்கிறது. ஆணுறைகளிற் பெரும்பாலானவை ரப்பர் மரத்தின் பாலினால் செய்யப்படுபவை. எண்ணெய் பட்டால் ரப்பர் அதை உறிஞ்சி ஊதி, தன் வலிமையை இழக்கிறது. இதற்குச் சில நிமிடங்களே போதும். கண்ணுக்கு யாதொரு மாறுதலும் தெரியாது. நல்லெண்ணெய், நெய், வாசலின் எல்லாம் இவ்வகையில் ஒன்றே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நல்ல தேங்காயெண்ணெய் கிடைக்கிறது. அது கூந்தலுக்கும் சமையலுக்கும் ஆகட்டும். வழுவழுப்பு வேண்டுவோர், நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம்.

ஓர் உறைக்கு மேல் மற்றோர் உறை அணிந்தால் காப்பு இரட்டிக்கும் என்று எண்ணுவாரும் உளர். ஒன்றோடொன்று உராய்ந்து கிழியவே அது வழி செய்யும். இறுதி நேரத்தில் அணிந்தால் போதும் என்பதும் பிழை. தொடக்கத்திலேயே அணிதல் வேண்டும். அணியும்போது நுனியைக் கிள்ளிக் காற்றை நீக்குதலும், உறுப்புத் தளருமுன் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டு வெளியே எடுத்தலும் முறை.

தகரக் கூரையின் கீழ், அடுப்புக்கு அருகிலுள்ள பரணில் உறையை வைப்பதும், மாதக்கணக்கில் பணப்பையில் சுமந்து திரிவதும் தகா. வெப்பமும் ரப்பருக்குப் பகை. உறையின்மீது அச்சிட்டுள்ள காலவரம்பையும் பார்த்துக்கொள்க.

இத்தகைய பேச்சு மும்பைக்குப் புதிதன்று. கருத்தடை பற்றிய ஆலோசனை நிலையத்தை இரகுநாத் தோண்டோ கார்வே இந்நகரில் 1921-இலேயே திறந்தார். நிரோத் என்ற பெயரில் அரசு மலிவு விலை உறைகளை நாடெங்கும் பரப்பத் தொடங்கியது 1968-இல். பொருள் வீடு வந்து சேர்ந்தது. அதைக் கையாளும் அறிவு அதனுடன் வந்து சேரவில்லை போலும்!

நூறு தம்பதியர் ஒவ்வொரு முறையும் பிழையின்றி உறையைப் பயன்படுத்தினால், ஓராண்டில் ஏறத்தாழ 2 பெண்களே கருவுறுவர். வழக்கமான கவனக்குறைவுகளோடு பயன்படுத்தினால் அத்தொகை 13 ஆகிறது. ஆதலின், உறையை நம்ப மறுக்கும் கணவரிடம் மனைவி இவ்வெண்களையே எடுத்துச் சொல்லலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் கிழிந்துவிட்டால்? கருத்தரிப்பைத் தவிர்க்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக, உட்கொள்ளலாம். எச்.ஐ.வி. தொற்றும் என்ற ஐயம் இருப்பின், அதே 72 மணி நேரத்திற்குள் அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனையை அணுகினால், தடுப்பு மருந்து தொடங்க இயலும்.