பெயர் சூட்டப்படாத வணக்கங்கள்



வணக்கம் என்றால் என்ன என்று எவரேனும் வினவினால், தொழுகை, நோன்பு என்று நாம் விரல்விட்டு எண்ணத் தொடங்குவோம். கிறித்தவராய் இருந்து இஸ்லாத்திற்கு வந்த அதிய் பின் ஹாத்திம் (ரலி) அவர்களும் அவ்வாறே எண்ணியிருந்தார்கள். வேதக்காரர்கள் தம் அறிஞர்களையும் துறவிகளையும் இறைவர்களாக்கிக் கொண்டதைக் கண்டிக்கும் வசனத்தை (9:31) செவியுற்றபோது, நாங்கள் அவர்களை வணங்கவில்லையே என்று வியந்தார்கள். அவர்கள் ஆகுமாக்கியதை ஆகுமென்றும், விலக்கியதை விலக்கென்றும் ஏற்றதுதான் அந்த வணக்கம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (திர்மிதீ).

ஒன்றை மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை விட, அதன்முன் எவ்வாறு நடந்து கொள்கின்றனர் என்று பார்ப்பதே மானிடவியலாரின் வழியும் ஆகும். பிரான்சின் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சடங்குகளை ஆராய்ந்தார் (அங்கே சென்று பார்த்தல்ல, பிறர் எழுதியவற்றைக் கொண்டுதான்). மக்கள் ஓரிடத்தில் திரள்கின்றனர். திரளில் ஒரு பேருணர்ச்சி பொங்குகிறது. அவ்வுணர்ச்சி ஒரு பொருளின்மீதோ சின்னத்தின்மீதோ படிந்து, அது புனிதமாகிவிடுகிறது என்றார். பிரெஞ்சுப் புரட்சியில் தாய்நாடும் சுதந்திரமும் பகுத்தறிவுமே அவ்வாறு புனிதமாக்கப்பட்டதையும் எடுத்துக் காட்டினார். சமூகம் வணங்குவது தன்னைத்தான் என்ற அவரது முடிவை முஸ்லிம்களாகிய நாம் ஏற்க இயலாது. வஹீ என்பதற்கு அவருடைய கணக்கில் இடமே இல்லை. ஆனால் பொய்த் தெய்வங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அவர் சரியாகவே கண்டிருக்கிறார்.

தமிழகத்தை விடச் சிறந்த சான்று இதற்கு வேண்டுமா? 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிரை மாய்த்துக் கொண்டோர் பலர். மெரினாவிலுள்ள அவரது சமாதியின் கல்லில் காதை வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கிறதா என்று பார்ப்போர் உண்டு. நடிகர்களின் கட் அவுட்டுகளுக்குப் பாலாபிஷேகம் நடக்கிறது. இவர்களில் எவரும் அதைத் தனி மதம் என்று கூறமாட்டார்.

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசலாயினர். ஒரு தலைவரைச் சுற்றிப் புனிதம் பின்னப்படும் தருணம் அது. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று கூறி, துக்கத்தின் நடுவிலும் நபியவர்கள் அதனை அறுத்தெறிந்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). நம் இயக்கங்களில், தம் பேச்சாளர் கூறியதால் மட்டுமே ஒன்று மார்க்கமாகிவிடும் என்று நம்பும் இளைஞர்கள் இந்த ஹதீஸையும் அதிய் (ரலி) அவர்களின் ஹதீஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ராயபுரத்தில் வாழும் நமக்கு இன்னொரு வணக்கம் அருகிலேயே இருக்கிறது. பொற்காசுக்கும் வெள்ளிக்காசுக்கும் அடிமையானவனை நபி (ஸல்) அவர்கள் சபித்தபோது, கரையிட்ட ஆடைக்கு அடிமையானவனையும் சேர்த்தே கூறினார்கள் (புகாரீ). பனியன் நகரத்தார் இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாமா? இந்தத் தெய்வத்திற்குப் பலியும் உண்டு. பாசனத்திற்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நொய்யலை நம்பிய உழவர்கள் நிலத்தை இழந்தனர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தது.

ஜும்ஆ வசனம் (62:9) வணிகத்தை விட்டுவிடச் சொல்கிறது; அடுத்த வசனமோ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. முழுநாள் விடுமுறை கேட்கப்படவில்லை. ஷிப்மெண்ட் தேதி நெருங்கும் வாரத்தில் அந்தச் சிறு பொழுதும் மறுக்கப்படுமானால், அங்கே ஆகுமானது எது, விலக்கப்பட்டது எது என்று தீர்மானிப்பவர் யார்? ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டைலரிடம் இதைக் கேட்பதற்கு முன், பவர் டேபிளை நிறுத்தும் அதிகாரம் கொண்ட நம் முதலாளிகளிடம் கேட்க வேண்டும். அவர்களில் பலர் முதல் ஸஃப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.