பாட்டும் வேண்டும், பேச்சும் வேண்டும்

மாலை நான்கு மணி. பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிவுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அருகில் நாற்காலியில் அவருடைய மகன். இரு காதுகளிலும் இயர்போன். தந்தை மெல்லிய குரலில் தண்ணீர் கேட்கிறார். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கிறார். மூன்றாம் முறை கேட்க அவர் முயலவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி எழுந்து வந்து மகனின் தோளைத் தொடுகிறார். மகன் பதறி எழுந்து தண்ணீர் கொடுக்கிறார். தந்தை இரண்டு மிடறு குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

எந்த மருத்துவமனையிலும் காணக்கூடிய காட்சிதான் இது. மகனுக்கு அன்பில்லை என்று எவரும் கூற இயலாது. அன்பில்லாதவர் மூன்று இரவுகளாக அந்த நாற்காலியில் கண்விழித்திருக்க மாட்டார். நால்வர் படுத்திருக்கும் வார்டில், கருவிகளின் ஒலிக்கும் இருமலுக்கும் இடையே, அவருக்கென்று இருந்த ஒரே தனியறை அந்த இயர்போன்தான். ஆயினும் அந்த அறையின் கதவு மூடியிருந்த நேரத்தில், வெளியே ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்.

இரு துளைகள் இருந்த கருவி

ஒரு காலத்தில் இசை என்பது கூடிக் கேட்பதாகவே இருந்தது. வீட்டுக்கு ஒரு வானொலி. தேநீர்க் கடைக்கு ஒரு வானொலி. இலங்கை வானொலியில் ஒலித்த திரைப்பாடலை ஒரு தெருவே கேட்டது. பாட்டு ஒலிக்கும்போதே அதைப் பற்றிய பேச்சும் நடந்தது.

1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது அக்கருவியே. அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அக்கியோ மொரிட்டா, சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்டுப் பார்த்தாராம். தாம் விலக்கி வைக்கப்பட்டதாக உணர்ந்த அவருடைய மனைவி எரிச்சலுற்றார். இதை மொரிட்டாவே தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்கும் தோன்றியது. ஆகவே முதல் வாக்மேனில் இருவர் கேட்பதற்காக இரு துளைகள் வைக்கப்பட்டன. ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் இசையின் ஒலி தணியும். கருவியில் உள்ள ஒலிவாங்கி வழியாக இருவரும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கலாம்.

பின்னர் வந்த கருவிகளில் அந்தப் பொத்தான் மறைந்தது. நாளடைவில் இரண்டாவது துளையும் மறைந்தது. இன்று நம் கைப்பேசியில் உலகின் இசையெல்லாம் இருக்கிறது. அருகில் இருப்பவருக்கான அந்தப் பொத்தான் மட்டும் இல்லை.

இசை தரும் நன்மை

இதனால் இசையைக் குறை கூறிவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்ட 73 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 7,000 நோயாளிகள் அந்த ஆய்வுகளில் பங்கேற்றிருந்தனர். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி நிவாரணி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. எனவே இசை மருந்துக்கு மாற்றன்று. மருந்துக்கு நல்ல துணை.

அறுவை அரங்கிற்கு அழைக்கப்படும் வரை காத்திருக்கும் நேரம், புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரம், நான்கு மணி நேரம் நீளும் டயாலிசிஸ், உறக்கம் வராத இரவு ஆகியவற்றில் பிடித்த பாட்டு நோயாளியின் மனத்தை வலியிலிருந்து சற்றே விலக்கி வைக்கிறது. கவனத்தை வேறிடத்திற்கு ஈர்க்கும் அதே ஆற்றல்தான், உடனிருப்பவரின் காதில் ஒலிக்கும்போது தந்தையின் குரலை மறைத்துவிடுகிறது.

கவனம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. பலர் நடந்து செல்லும் திறந்தவெளியில், கோமாளி வேடமணிந்த ஒருவர் ஒற்றைச் சக்கர மிதிவண்டி ஓட்டினார். கடந்து சென்றவர்களிடம் கோமாளியைக் கண்டீர்களா என்று கேட்கப்பட்டது. கைப்பேசியில் பேசியபடி நடந்தவர்களில் 25 விழுக்காட்டினரே கண்டதாகக் கூறினர். தனியாக நடந்தவர்களில் 51 விழுக்காட்டினரும், பாட்டுக் கேட்டபடி நடந்தவர்களில் 61 விழுக்காட்டினரும் கண்டிருந்தனர். மிகுதியாகக் கண்டவர்கள், இருவராகச் சேர்ந்து நடந்தவர்கள்: 71 விழுக்காடு.

இது மருத்துவமனையில் நடந்த ஆய்வன்று. எனினும் நமக்கு இரு செய்திகள் இதில் உள்ளன. கண்ணைப் பொறுத்தவரை, பாட்டைவிடத் தொலைவில் இருப்பவரோடு நடக்கும் உரையாடலே கவனத்தை அதிகம் கவர்ந்து செல்கிறது. கட்டிலருகே அமர்ந்து கைப்பேசியில் நீண்ட நேரம் பேசுபவர், நோயாளியின் முகம் வாடுவதைக் காணாமற்போக வாய்ப்புண்டு. காதைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இயர்போன் அடைத்த காதில் மெல்லிய குரல் விழாது. அறுவைக்குப் பின் களைத்திருப்பவரின் குரல் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும்.

நாம் கடைப்பிடிக்கக் கூடியவை

முதலாவது, சொல்லிவிட்டுக் கேளுங்கள். “அப்பா, அரை மணி நேரம் பாட்டுக் கேட்கப்போகிறேன். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைத் தட்டுங்கள்” என்று சொல்ல ஒரு நொடி போதும். கை எட்டும் தொலைவில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மறைந்துபோன ஆரஞ்சுப் பொத்தானின் வேலையை அந்தத் தொடுகை செய்யும். கையை அசைக்க இயலாத நோயாளியாயின் இரு காதுகளையும் ஒருசேர அடைக்க வேண்டாம்.

இரண்டாவது, மருத்துவர் பார்வையிட வரும் நேரத்திலும், செவிலியர் மருந்து கொடுக்கும் நேரத்திலும், வீடு திரும்பும்போது அறிவுரை கூறப்படும் நேரத்திலும் நோயாளியும் உடனிருப்பவரும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். உணவுக்கு முன்பா பின்பா என்ற ஒரு சொல் தவறினாலும் மருந்து பிழையாகும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, நோயாளி எழுந்து நடக்கும்போது காதில் எதுவும் இருக்கலாகாது. எச்சரிக்கும் குரல் கேட்காவிட்டால் தடுமாறி விழ நேரிடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உங்கள் இயர்போனையோ கைப்பேசியையோ கொண்டு செல்லக் கூடாது.

நான்காவது, ஒலியளவு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே பாதுகாப்பான எல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல். ஒலி கூடக் கூட இந்த நேரம் விரைவாகச் சுருங்கும். அருகில் நிற்பவர் இயல்பாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கும் அளவில் வைத்துக்கொள்வது எளிய வழி. பொது வார்டில் கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்து வைப்பது, பக்கத்துக் கட்டிலில் உறங்குபவருக்குச் செய்யும் தீங்கு. காதில் சீழ் அல்லது புண் உள்ளவரின் இயர்போனை மற்றவர் பயன்படுத்த வேண்டாம்.

ஐந்தாவது, நோயாளிக்காகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய விருப்பமே முதன்மை. இளமையில் கேட்ட பாடல்கள் முதியவர்களின் நினைவில் ஆழப் பதிந்திருக்கும். நினைவாற்றல் குன்றியவர்கள்கூடப் பழைய பாட்டைக் கேட்டு உடன் பாடுவதுண்டு.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

இரவும் பகலும் பிறருக்காக விழித்திருப்பவருக்கும் ஓய்வு தேவை. நீங்கள் பாட்டுக் கேட்பது குற்றமன்று. இயன்றால் வீட்டார் ஒருவரை ஒரு மணி நேரம் மாற்றி அமர்த்திவிட்டு, வெளியே மரத்தடியில் அமர்ந்து இரு காதுகளாலும் நிம்மதியாகக் கேளுங்கள். அதற்கு ஆளில்லாதபோது செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கட்டிலருகே அரைக் கவனத்தோடு கழியும் மூன்று மணி நேரத்தைவிட, இப்படிப் பெறும் ஒரு மணி நேர ஓய்வு உங்களுக்கும் நோயாளிக்கும் நன்மை தரும்.

சுவர்ப்பக்கம் முகம் திருப்பிய அந்தத் தந்தையை மீண்டும் நம் பக்கம் திருப்புவது கடினமன்று. ஒரு பக்க இயர்போனைக் கழற்றித் துடைத்து அவர் கையில் கொடுத்து, “உங்களுக்கு என்ன பாட்டுப் போடட்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார். அதை எந்த ஊரில், யாரோடு சேர்ந்து கேட்டார் என்பதையும் சொல்லத் தொடங்குவார். அப்போது பாட்டின் ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள்.