இல்லக் கணிப்பொறியும் மின்சாரப் பாதுகாப்பும்

மின்னணுத் தொழிலுக்கென்று ஒரு மாநில அரசு முன்வந்து கழகம் ஒன்றை நிறுவிய நகரம் திருவனந்தபுரம். கெல்ட்ரான் நிறுவனம் இங்கு 1973-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது; கழக்கூட்டத்தை அடுத்துள்ள டெக்னோபார்க் 1990-இல் உருவாயிற்று. அக்காலத்தில் கணிப்பொறி என்பது அலுவலகத்தின் உடைமை. குளிரூட்டப்பட்ட தனி அறை, மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கனத்த மின்மாற்றி, அதற்கெனத் தோண்டப்பட்ட எர்த் குழி, வாயிலில் காலணிகளைக் கழற்றிவைக்கும் ஒழுங்கு ஆகியவை அதனைச் சூழ்ந்திருந்தன. செருப்புக்கும் கணிப்பொறிக்கும் என்ன பகை என்று கேட்க எவரும் துணியவில்லை.

இன்று கணிப்பொறி இல்லத்தின் ஒரு மூலைக்கு வந்துவிட்டது. 2020 ஜூன் முதல் நாளன்று 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தொடங்கியபோது, மாணவர் உள்ள வீடுகளில் இத்தகைய கருவி ஆடம்பரம் என்ற நிலை மாறியது. ஆயினும் அலுவலகத்தில் அதற்கு வாய்த்த மின்னமைப்பு வீட்டுக்கு உடன் வரவில்லை. கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலமாக 2017 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வீடுதோறும் சென்றடைந்துள்ளது என்பதே இதன் பொருள். மீட்டருக்கு அப்பால் வீட்டினுள் ஓடும் கம்பிகளின் தரம் வீட்டுக்காரரின் பொறுப்பிலேயே உள்ளது. கணிப்பொறிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியையேனும் முதலில் இக்கம்பிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

உலோகப் பெட்டியில் ஏற்படும் 'சுருசுருப்பு'

மேசைக் கணிப்பொறியின் உலோகப் பெட்டியை வெறுங்காலுடன் நின்று தொடும்போது விரலில் சுருசுருவென்று ஓர் உணர்வு தோன்றுவதாகப் பலர் கூறக் கேட்கிறோம். ஈரக்காற்று, பழைய சிமெண்டுத் தரை என்று அவரவர்க்குத் தோன்றிய காரணங்களைச் சொல்கின்றனர். உண்மைக் காரணம் வேறு. கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியினுள், மின்னிரைச்சலை வடிகட்டும் பொருட்டு, ஃபேஸ் கம்பிக்கும் உலோக உறைக்கும் இடையில் ஒன்றும், நியூட்ரல் கம்பிக்கும் உறைக்கும் இடையில் ஒன்றுமாகச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றின் வழியே கசியும் மிகச்சிறு மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக நிலத்துக்குச் சென்றுவிட வேண்டும் என்பதே அமைப்பு. எர்த் இல்லையெனில் உறை ஏறத்தாழ 115 வோல்ட் அளவில், அதாவது 230 வோல்ட்டில் பாதியில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவானதால் அச்சுருசுருப்பு மட்டும் உயிருக்கு ஆபத்தாவதில்லை. எனினும் வீட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்துள்ளது என்று கணிப்பொறியே தரும் அறிவிப்பு அது. அதே இணைப்பில் நாளை ஒரு சலவைப் பொறியிலோ வெந்நீர்க் கலனிலோ பழுது நேர்ந்தால் பாய்வது முழு 230 வோல்ட்டாக இருக்கும்.

கரமனை, கோட்டைப் பகுதி போன்ற பழைய குடியிருப்புகளில் இரு துளைச் சாக்கெட்டுகள் கொண்ட வீடுகள் இன்னும் இருக்கக் காணலாம். மூன்று முள் பிளக்கின் தடித்த எர்த் முள்ளை ஒடித்துவிட்டோ, இரு முள் 'அடாப்டர்' வாங்கியோ கணிப்பொறியை ஓட்டுவது பரவலான வழக்கம். வேலை நடைபெறுகிறது என்பதால் இதனைக் குற்றமாக எவரும் கருதுவதில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளின் இயல்பே இதுதான். அவை இல்லாதபோதும் அன்றாட வேலை தடையின்றி நடைபெறும்.

எர்த் மட்டும் போதுமா?

எர்த் குழி இருக்கும் வீட்டிலும் ஒரு கேள்வி எழுகிறது. இம்மாவட்டத்தின் இடைநிலப் பகுதி செம்புரை மண்ணால் ஆனது. கோடையில் அது வறண்டு இறுகும்போது மின்தடை மிகுகிறது. ஒரு வீட்டின் எர்த் தடை 20 ஓம் என்று கொள்வோம். ஃபேஸ் கம்பி உலோக உறையைத் தொட்டுவிட்டால், 230-ஐ 20-ஆல் வகுக்க, நிலத்துக்குள் பாயும் மின்னோட்டம் சுமார் 11½ ஆம்பியர். அந்தச் சுற்றிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. இதனைச் சாதாரணச் சுமையாகவே கருதி வாளாவிருக்கும். உறையோ மின்னேற்றத்துடன் காத்திருக்கும்.

ஆகவேதான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான் இன்றியமையாததாகிறது. ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு காணப்பட்டாலே ஒரு கண்ணிமைப்பில் இணைப்பைத் துண்டித்துவிடும். மேற்கண்ட 11½ ஆம்பியர் அதன் கணக்கில் மிகப் பெரிய தொகையாகும். இதன்மீதுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் துண்டிக்காத கருவி சுவரில் ஓர் அலங்காரமே. கணிப்பொறி வந்த நாள் முதல் அது அடிக்கடி துண்டிக்கிறது என்று சொல்லி, அதனைத் தவிர்த்து நேரடியாக இணைத்துத் தரும் கைவேலைக்காரர்களும் உண்டு. ஒரு கணிப்பொறியின் இயல்பான கசிவு ஓரிரு மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. துண்டிப்பு நிகழ்ந்தால் வேறு பழுது உண்டு என்று பொருள். அதனைத் தேடுவதே முறை. இத்தகைய வேலைகளைக் கேரள மாநில மின் உரிம வாரியத்தின் அனுமதிபெற்ற வயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும்.

இடியும் மின்னலும்

திருவனந்தபுரத்தில் கணிப்பொறி பழுதாவதற்கான காரணங்களுள் மின்னலைத் தனியே குறிப்பிட வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், இங்குத் துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மாத மழையிலும் பிற்பகலில் கடற்காற்று மலைத்தொடரை நோக்கி வீச, மேகம் திரண்டு இடியாக முழங்குகிறது. அக்டோபர் முதல் மே வரை, நண்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே மின்னலுக்கு வாய்ப்பு மிகுதி என மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்து வருகிறது. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை கணிப்பொறியின் முன் அமரும் நேரமும் அதுவே.

மின்னலின் மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியர் அளவினது. அது வீட்டின்மீது விழ வேண்டுவதில்லை; தொலைவில் மின்கம்பியருகே விழுந்தாலும் அக்கம்பியில் பல ஆயிரம் வோல்ட் மின்னெழுச்சி தூண்டப்பட்டு வீடுகளுக்குள் ஓடிவரும். சுவிட்சை அணைத்தல் இதற்குக் காப்பாகாது. அணைத்த சுவிட்சினுள் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரே. மேகத்திலிருந்து நிலம்வரை தாவிய மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டன்று. பிளக்கையே பிடுங்கி வைத்தல் வேண்டும். அதுவும் இடி நெருங்குவதற்கு முன்னரே. தலைக்குமேல் முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கச் செல்வது கணிப்பொறிக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். அந்நேரத்தில் மின்கருவிகளைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. ஒளியைக் கண்டபின் ஓசை கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது தெரியும். பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி முன்னறிவிப்பும் தருகிறது.

மின் பிளக்கைப் பிடுங்கியபின்னும் இணையக் கம்பியை மறந்துவிடுவோர் பலர். செப்புக் கம்பி வழியே வரும் இணைப்பு மின்னெழுச்சிக்கு இரண்டாவது வாயில். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கப்படும் இழையுடன் தாங்குதலுக்காக எஃகுக் கம்பி சேர்ந்து வருவதுண்டு. மேலும் இழை வந்து சேரும் மோடம் மின்சாரத்திலேயே இயங்குகிறது. அதிலிருந்து கணிப்பொறிக்குச் செல்வது செப்புக் கம்பியே. ஆகவே மோடத்தின் பிளக்கையும் அந்தக் கம்பியையும் சேர்த்தே விலக்க வேண்டும்.

சர்ஜ் புரொடெக்டர் எனப்படும் பலகைகளைப் பற்றி ஒரு சொல். மின்னெழுச்சி வரும்போது அதனை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடுவது அவற்றின் பணிகளுள் முதன்மையானது. எர்த் இல்லாத வீட்டில் அவை திருப்பிவிட இடமின்றி, விலையுயர்ந்த நீட்டிப்புப் பலகையாகவே பெரிதும் எஞ்சுகின்றன.

தென்னை தரும் தொல்லை

மின்னலற்ற நாளிலும் மற்றோர் இடர் உண்டு. இங்கு மின்கம்பிகள் தென்னந்தோப்புகளின் ஊடே செல்கின்றன. காற்றில் விழும் தென்னமட்டை நியூட்ரல் கம்பியை அறுத்துவிட்டால், மூன்று ஃபேஸ்களில் பிரிந்து நிற்கும் வீடுகளுள் சிலவற்றில் மின்னழுத்தம் 400 வோல்ட் வரை உயரக்கூடும். விளக்குகள் திடீரென மிகுந்த ஒளியுடன் எரிவதே அறிகுறி. உடனே மெயின் சுவிட்சை அணைத்து மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மெயின் பலகையில் உயரழுத்தத் துண்டிப்பான் அமைப்போர் இந்த அவசரத்திலிருந்து தப்புவர்.

ஸ்டெபிலைசரா, யு.பி.எஸ்.ஸா?

மின்னழுத்தம் குறைவதைப் பற்றி மட்டும் கவலையுறுவோர் ஸ்டெபிலைசர் வாங்குகின்றனர். இன்றைய கணிப்பொறிகளின் மின்வழங்கிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் தன்மையன. அவற்றுக்கு ஸ்டெபிலைசர் தேவையற்றது. பின்புறம் 115, 230 எனக் குறித்த சிறு சிவப்புச் சுவிட்ச் உள்ள பழைய பெட்டிகளில் அது 230-இல் உள்ளதா என்பதை மட்டும் முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திடீர் மின்தடையால் கோப்புகள் சிதையாதிருக்க யு.பி.எஸ். உதவுகிறது. 600 வி.ஏ. என்று குறித்த கருவி, பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். அதனுள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கினால் 84 வாட்-மணி. விரைவாக வடிக்கும்போது பாதியளவே கைக்கு எட்டும். கணிப்பொறி, திரை, மோடம் மூன்றும் சேர்ந்து 110 வாட் கொண்டால் ஏறத்தாழ இருபது நிமிடம் கிட்டும். கோப்பைச் சேமித்துக் கணிப்பொறியை அணைக்க அது தாராளம். திரைப்படம் பார்த்து முடிக்க அன்று. லேசர் அச்சுப்பொறி தன் உருளையைச் சூடாக்கும்போது மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால், அதனை யு.பி.எஸ்.ஸில் இணைத்தலாகாது. சாதாரண யு.பி.எஸ்., மின்சாரம் உள்ளபோது அதனை ஏறத்தாழ அப்படியே கடத்துவதால் மின்னலுக்கு அது காப்பன்று. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு எண், 'ஆர்' என்னும் எழுத்துடன் பொறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க.

வைக்கும் இடம் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. தரையில் வைக்கலாகாது, 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் இதற்கு விளக்கம் தேவையில்லை. நீர் புகுந்த கருவியை வல்லுநர் பார்க்கும்வரை இயக்கக் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று செல்லும். இடவப்பாதி மழைக்காலத்தில் பயன்பாடு இல்லையெனினும், இடி இல்லாத வேளையில் வாரம் ஓரிரு முறை இயக்கினால் ஈரம் தங்காது. ஒரே நீட்டிப்புப் பலகையில் கணிப்பொறியையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகுதல் கூடாது.

மின்கட்டணக் கணக்கும் எளியதே. 100 வாட் கருவி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் மாதம் 15 யூனிட். இரு மாதக் கட்டணச் சீட்டில் 30 யூனிட். படிநிலைக் கட்டணத்தில் இக்கூடுதல் யூனிட்டுகள் வீட்டின் மிக உயர்ந்த படியிலேயே சேரும் என்பதை நினைவிற்கொள்க.

யு.பி.எஸ். மின்கலத்தின் ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். வெப்பம் மிகுந்த மூலையில் வைத்தால் இன்னும் குறையும். ஈயமும் அமிலமும் கொண்ட அதனைக் குப்பையில் எறிதல் கூடாது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற வகை செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. எனவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். பழுதான கணிப்பொறிப் பாகங்களைச் சேகரிக்கும் பணியில் ஹரித கர்ம சேனையும் கிளீன் கேரளா கம்பெனியும் ஈடுபட்டுள்ளன.