கொசுவின் முதல் குரோமோசோம்

ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு 3 ஜோடிக் குரோமோசோம்கள்தான். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இவற்றுக்குள் நெருங்கிக் கிடப்பதால், பல மரபணுக்கள் ஒன்றையொன்று விடாமல் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இதுவே பிணைப்பு. விந்தும் முட்டையும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும். அப்போது பிணைப்பு அறுபடலாம். மல்லிகைச் சரத்தைக் கண்ணை மூடி ஓரிடத்தில் நறுக்கினால் அடுத்தடுத்த பூக்கள் பிரிவது அரிது; தள்ளித்தள்ளி இருப்பவை எளிதில் பிரியும். மரபணுக்களின் இடைத்தூரத்தை அளப்பதும் இப்படிப் பிரியும் விகிதத்தை வைத்துத்தான். பழ ஈயின் ஆணில் இந்தப் பரிமாற்றம் நடப்பதில்லை. ஏடிஸ் ஆணில் நடக்கிறது.

விசித்திரம் முதல் குரோமோசோமில் இருக்கிறது. அனாபிலிஸ் கொசுவுக்கு உள்ளதுபோல் தனியாகத் தெரியும் எக்ஸ், ஒய் ஏடிஸுக்கு இல்லை. ஜோடி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் மட்டும் 'எம்' என்னும் சிறு பகுதி இருந்தால் கொசு ஆண். அதற்குள் இருக்கும் நிக்ஸ் மரபணுவே ஆணாக்குகிறது என்பது 2015-இல் தெரியவந்தது. எம் சிறியதுதான், ஆனால் அதைச் சுற்றி வெகுதூரத்துக்குத் துண்டு மாற்றம் அபூர்வம். கியூலெக்ஸ் கொசுவிலும் ஏற்பாடு இதுபோன்றதே; வெள்ளைக்கண் கொசுக்களைக் கலப்புச் செய்து ஆய்வாளர்கள் கில்கிறிஸ்டும் ஹால்டேனும் 1947-இலேயே அதைக் காட்டினர்.

இந்தப் பிணைப்புக்கு ஒரு பயன் உண்டு. மலட்டு ஆண்களை வெளியில் விட்டுக் கொசுவைக் குறைக்கும் முறையில், கடிக்கும் பெண்களை முன்பே பிரித்தெடுக்க வேண்டும். சிவப்புக்கண் மரபணு முதல் குரோமோசோமில், எம்முக்குப் பக்கத்தில் உள்ளது. அது ஒடுங்கு பண்பு; ஜோடி இரண்டிலும் இருந்தால்தான் வெளிப்படும். ஆணின் எம் குரோமோசோமில் கருங்கண் மரபணுவும், எம் இல்லாத எல்லா முதல் குரோமோசோம்களிலும் சிவப்புக்கண் மரபணுவும் இருக்குமாறு வளர்த்தால் ஆண்கள் கருங்கண், பெண்கள் சிவப்புக்கண். கூட்டுப்புழுவிலேயே நிறம் தெரிந்துவிடும்.

துண்டு மாற்றம் நடந்தால் கருங்கண் பெண் பிறக்கும். லட்சக்கணக்கில் வளர்க்கும் கூடத்தில் அபூர்வம்கூடக் கணிசமான எண்ணிக்கையாகும். அது வளர்ப்புக் கூட்டத்தில் கலந்துவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை பெருகும். இந்த வகைகளைத் துப்புரவாகப் பேணுவது அலுப்பூட்டும் வேலை. தெருவில் புகையடிக்கும் வண்டிக்கு உடனே கிடைக்கும் கவனமும் பணமும் இதற்குக் கிடைப்பதில்லை.

இந்தத் துண்டு மாற்றத்தின் தொல்லையைக் குறைக்க ஒரு வழி, கதிர்வீச்சால் குரோமோசோமின் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது. திரும்பிய பகுதிக்குள் துண்டு மாற்றம் நடந்தால் சில மரபணுக்கள் விடுபட்டும் சில இரட்டித்தும் போகும். அந்தக் கரு பிழைக்காது. சிவப்புக்கண் ஏடிஸில் இதற்கென உருவாக்கப்பட்ட தலைகீழ்ப் பகுதிக்கு 'இன்வ்35' என்று பெயர். இரண்டு இடங்களில் அறுந்து ஒட்டும் இரட்டை மாற்றம் மட்டும் இதற்குத் தப்பக்கூடும் என்பதால், கூட்டத்தைத் தொடரும் கொசுக்களைக் கண்நிறம் பார்த்து அவ்வப்போது களையெடுப்பதும் தேவைப்படுகிறது.