மார்கழியிலிருந்து தொடங்கட்டும் ஆங்கிலம்

வயதுவந்தோருக்கான ஆங்கிலப் பாடங்களில் டிசம்பர் என்றால் பெரும்பாலும் பனிப்பொழிவும் கிறிஸ்துமஸ் மரமும்தான். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பிழைப்புத் தேடிப் புறப்படும் வாலிகண்டபுரத்து இளைஞருக்கு அக்காட்சி அந்நியமானது. பொருள் பிடிபடாத இடத்தில் சொல்லும் மனத்தில் தங்காது.

டிசம்பர் 21-ஐ ஒட்டி வாலிகண்டபுரத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரம். லண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. இந்த ஒப்பீட்டைச் சொன்னாலே, குளிர்நாட்டார் அந்நாள்களில் விளக்கேற்றிக் கூடுவதன் காரணம் விளங்கிவிடும். ஈரானியர் யல்தா இரவில் மாதுளை உண்டு விழித்திருக்கின்றனர். தென்சீனத்தில் அரிசிமாவு உருண்டைகளைச் சமைக்கின்றனர். நம் திருவாதிரைக் களியும் தைப்பொங்கலும் இதே பருவத்தவைதாமே!

எனவே, கற்பவர் முதலில் தம் வீட்டுக் களியை ஆங்கிலத்தில் விவரிக்கட்டும். பிறகு அடுத்தவர் பண்டிகையைக் கேட்டறியட்டும். அயல்நாட்டுப் பணியிடத்தில் சகதொழிலாளியை வாழ்த்தவும், பொங்கலுக்கு விடுப்புக் கேட்கவும் உதவப்போவது இந்த ஆங்கிலமே.

பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர் தம் ஓய்வையே விலையாகத் தருகிறார். நான் கற்பித்த பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். அவ்விலைக்கு ஈடான பாடத்தைத் தருவது கற்பிப்போரின் கடமை.